நாகேஷும் அடிக் கணக்கும்: சிரிப்பு நடிகர் மலை ஏறாத கதை

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எடுத்த பழைய தமிழ்ப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மலையில் காதலர்கள் பாடுவார்கள், வில்லனின் கார் கொண்டை ஊசி வளைவில் சீறும், கதாநாயகி பனிமூட்டத்தில் நின்று அழுவாள். சிரிப்பு நடிகர் மட்டும் பெரும்பாலும் சென்னையில் போட்ட செட்டின் வீட்டு வாசலிலேயே நிற்பார். மலைக்கும் சிரிப்புக்கும் ஒட்டாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. நடிகர் ஒதுக்கித் தரும் நேரமான கால்ஷீட்டின் கணக்கும், எத்தனை அடி ஃபிலிம் செலவாகும் என்ற அடிக் கணக்கும் சேர்ந்து அவரை அங்கே நிறுத்தி வைத்தன. இந்த இரண்டு கணக்குகளையும் தெரிந்துகொண்டால் நாகேஷ் என்ற நடிகர் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பது தெளிவாகும். நீலகிரியில் இன்று நகைச்சுவைக் குறும்படம் எடுப்பவர்களுக்கும் அதில் நேரடியாக எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

நாகேஷ் 1933இல் பிறந்தவர். ஊர் தாராபுரம். ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே புறப்பட்டு வரும் அமராவதி ஆற்றின் கரையில் உள்ள ஊர் அது. கன்னடம் பேசும் குடும்பம். குண்டுராவ் என்ற பெயரும் அவருக்கு உண்டு. சென்னைக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே மேடை நாடகங்களில் நடித்தார். அம்மை வடு விழுந்த முகம், ஒல்லி உடம்பு. கதாநாயகன் வேடம் கேட்டுப் போகக்கூடிய தோற்றம் இல்லை. ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் என்ற மிகச் சிறிய வேடம். அந்த நாடகத்துக்குத் தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர்., அந்தச் சில நிமிட வயிற்றுவலியைத்தான் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். நாகேஷின் பிற்காலம் முழுவதற்கும் அடிப்படை இந்த இடத்தில் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. கதையில் பெரிய பங்கு இல்லை, கிடைத்த நேரமும் சொற்பம். அந்த நேரத்துக்குள் உடம்பு முழுவதையும் கொண்டுவந்து வைத்தார்.

1950களின் கடைசியில் சினிமாவுக்கு வந்தார். ‘தாமரைக்குளம்’ அவருடைய முதல் படங்களில் ஒன்று. வாய்ப்புக்காக அலைந்த அந்த நாட்களில் அறைத்தோழராக இருந்தவர் கவிஞர் வாலி. 1964 இருவரில் நாகேஷின் நிலையைத் தலைகீழாக மாற்றியது. அந்த ஆண்டு ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. கே. பாலசந்தரின் நாடகத்தைக் கிருஷ்ணன்-பஞ்சு படமாக எடுத்த ‘சர்வர் சுந்தர’மும் வந்தது. முன்னதில் அவர் சிரிப்பு நடிகர், பின்னதில் கதாநாயகன். அடுத்த ஆண்டு ‘திருவிளையாட’லில் தருமி, ‘நீர்க்குமிழி’யில் கதையின் நாயகன். 1968இல் ‘எதிர்நீச்ச’லும் ‘தில்லானா மோகனாம்பா’ளும். ஐந்தே ஆண்டுகளில் இத்தனை வகை வேடம் ஏற்ற சிரிப்பு நடிகர் அதற்கு முன் தமிழில் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம்.

அன்றைய முன்னணிச் சிரிப்பு நடிகர் ஒரு நாளைக்கு ஒரு படம் என்று வேலை செய்யவில்லை. காலையில் ஒரு படம், மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார். ஏவி.எம்., விஜயா-வாஹினி போன்ற ஸ்டூடியோக்கள் வடபழனியைச் சுற்றியே இருந்ததால் இது முடிந்தது. ஒரு தளத்தில் மேக்கப்பைத் துடைத்துவிட்டு அரை மணி நேரத்தில் அடுத்த தளத்தில் நிற்கலாம். இப்படிப்பட்டவரை ஊட்டிக்கு அழைத்தால் என்ன ஆகும்? நீலகிரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு மேட்டுப்பாளையம் வரை. அங்கிருந்து மலை ரயில் என்றால் 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம், கார் என்றால் அதைவிடக் குறைவு. போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவில் நான்கு நாள் படப்பிடிப்பு என்று வைத்தாலும் ஆறு நாள் போய்விடும். நாளுக்கு மூன்று பொழுது வீதம் பதினெட்டுப் பொழுதுகள் மற்ற தயாரிப்பாளர்களுக்கு நின்றுபோகும். அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்குச் சிரிப்புக் காட்சிக்கு மலை தேவைப்படவில்லை. பாட்டுக்குத் தேவைப்பட்டது. கதாநாயகனும் நாயகியும் நடன இயக்குநரும் மலை ஏறினார்கள். சிரிப்பு நடிகரின் பகுதி தனித் தொடராகச் சென்னையிலேயே முடிக்கப்பட்டது. பின்னாளில் ‘காமெடி டிராக்’ என்று பெயர் பெற்று, கதையைத் தொடாமலே எடுத்து நடுவில் ஒட்டும் வழக்கமாக அது வளர்ந்தது. கதைக்குள் இருந்த சிரிப்பை அது வெளியே தள்ளிவிட்டது. தமிழ் சினிமாவுக்கு அது பெரிய நஷ்டம்.

இரண்டாவது, ஃபிலிம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள் (ஃபிரேம்கள்). கேமரா வினாடிக்கு 24 கட்டம் ஓடும். ஆக ஒரு வினாடிக்கு ஒன்றரை அடி, ஒரு நிமிடத்துக்கு 90 அடி. வெளிப்புறப் படப்பிடிப்பில் பயன்பட்ட சிறிய கேமராவில் 400 அடி ரோல் மாட்டினால் நான்கரை நிமிடம்கூட ஓடாது. 1,000 அடி ரோல் என்றால் பதினோரு நிமிடம். மூன்று நிமிடச் சிரிப்புக் காட்சிக்கு 270 அடி. அதையே மூன்று முறை எடுத்தால், அதாவது மூன்று டேக் போனால், 810 அடி. ஒவ்வொரு டேக்கிலும் கேமரா வேகம் பிடிக்கவும் கிளாப் அடிக்கவும் பத்துப் பதினைந்து அடி சும்மா போகும். இதோடு, எதிரே நிற்கும் நடிகர் சிரித்துவிட்டால் அந்த டேக் முழுவதும் குப்பை. சோகக் காட்சியில் இந்த ஆபத்து இல்லை. சிரிப்புக் காட்சிக்கு மட்டுமே உள்ள செலவு இது.

கச்சா ஃபிலிம் அன்று இறக்குமதிப் பொருள். அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலத்தில் உரிமத்துக்குக் கட்டுப்பட்ட சரக்கு. அந்தக் கஷ்டத்தைக் குறைக்க மத்திய அரசு தேர்ந்தெடுத்த இடம்தான் நம் ஊட்டி. 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1967இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்பது அதன் வணிகப் பெயர். இந்து நகர் என்று இன்றும் அந்தப் பகுதியைச் சொல்கிறோம். ஃபிலிம் செய்வதன் முதல் எதிரி தூசி. வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் ஜெலட்டினில் கலந்து உண்டாகும் ஒளிபடும் பூச்சை, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஒரே சீராக, இருட்டில் பூச வேண்டும். ஒரு துகள் விழுந்தாலும் அது திரையில் பல மடங்கு பெரிதாகிப் புள்ளியாகத் தெரியும். குளிர்ந்த, தூசி குறைந்த காற்றும் சுத்தமான நீரும் இந்த மலையில் கிடைத்தன. கறுப்பு வெள்ளைப் படச்சுருள், எக்ஸ்ரே ஃபிலிம், புகைப்படத் தாள் எல்லாம் இங்கிருந்து போயின. ஆனால் சினிமா அதற்குள் வண்ணத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. பின்னாளில் டிஜிட்டலும் வர, ஆலை மெல்ல நின்று கடைசியில் மூடப்பட்டது. சிரிப்பு நடிகரை மலைக்கு அழைத்து வர முடியாத சினிமாவுக்கு, அவர் முகம் பதியும் பொருளை இந்த மலை செய்து அனுப்பியது. நீலகிரியின் சினிமா வரலாற்றைப் படப்பிடிப்பு இடங்களின் பட்டியலாகவே எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த ஆலையை விட்டுவிடுவது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

இந்த நெருக்கடிக்குள் நாகேஷ் செய்தது என்ன? அடிக்கு அடி அதிகச் சரக்கு ஏற்றினார்.

‘காதலிக்க நேரமில்லை’யில் அவர் அப்பாவிடம் படக்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி செல்லப்பா, பணம் கேட்டு, அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிறார். அதை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். கதவு, காற்று, காலடி எல்லாம் நாகேஷின் கையிலும் வாயிலும் இருக்கின்றன. ஆனால் சிரிப்பு பிறக்கும் இடம் பாலையாவின் முகம். நாகேஷ் ஒவ்வொரு ஒலிக்குப் பிறகும் தன் அசைவை அடக்கிக்கொள்கிறார், பார்வையாளரின் கண் பாலையாவின் பக்கம் போக வழி விடுகிறார். தன் நேரத்தை எதிராளிக்குக் கொடுக்கத் தெரிந்த சிரிப்பு நடிகர் குறைவு. பாலையாவும் சிரித்துவிடாமல் பயத்தில் இறங்கிக்கொண்டே போகிறார். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, இருவரும் ஒரே சட்டகத்துக்குள் இருப்பதால் வெட்டு அதிகம் தேவைப்படவில்லை. இந்தப் படம் வண்ணப்படம், ஃபிலிம் விலை கூடுதல். வெளிப்புறக் காட்சிகளுக்கு ஆனைமலை அடிவாரத்து ஆழியாறு வரை போனார்கள். மலைக் காற்று படும் தூரம் வரையாவது சிரிப்பு நடிகரைக் கொண்டுவந்த அபூர்வமான படங்களில் இது ஒன்று.

‘திருவிளையாட’லின் ஏழைப் புலவன் தருமியின் கணக்கு வேறு. முதலில் அவர் தனியாளாக மண்டபத்தில் புலம்புகிறார். அந்தத் தனிப் புலம்பல் பெரும்பாலும் தானே அப்போது கட்டியது என்று நாகேஷே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தனிப் புலம்பலில் எதிராளி கிடையாது, வழி விட ஆள் இல்லை. எனவே ஆசைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையே தானே இரண்டு ஆளாகிறார். இந்தப் பக்கம் நடக்கும்போது ஒரு குரல், திரும்பி நடக்கும்போது இன்னொரு குரல். திரும்பும் அந்த அரை வினாடிதான் காட்சியின் அச்சு. அடுத்து இறையனாராக, அதாவது சிவபெருமானாக, சிவாஜி வந்ததும் வேகம் மாறுகிறது. கேள்வி கேட்பது தருமி, பதில் சொல்வது இறையனார். கேள்வி இரண்டு மூன்று சொல், பதிலும் அவ்வளவே. இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. இங்கே நாகேஷ் ஒரு தடவை மூச்சு வாங்கியிருந்தாலும் அடுக்கு சரிந்திருக்கும்.

இதே ஆள் ‘தில்லானா மோகனாம்பா’ளில் வைத்தியாக வரும்போது அசைவை முக்கால்வாசி குறைத்துவிட்டார். வைத்தி பிறர் குடியைக் கெடுக்கும் தரகன், அவனுக்குத் துள்ளல் கூடாது. குனிவும் குழைவும் போதும். எங்கள் பார்வையில் நாகேஷின் ஆகச் சிறந்த வேடம் வைத்திதான். தருமியைக் காட்டிலும் ஒருபடி மேல் என்று சொல்லத் தயக்கம் இல்லை.

1970களின் நடுவில் அவர் வாய்ப்புகள் குறைந்தன. தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று அடுத்த வரிசை வந்தது. பிறகு உடுமலைப்பேட்டைப் பக்கத்து வல்லகுண்டபுரத்துக்காரரான கவுண்டமணி, செந்திலோடு சேர்ந்து 80களைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சிரிப்பு நடிகரின் உடம்பு சீக்கிரம் மூப்படையும். ஓடி விழுந்து எழுவதில் பிழைப்பு நடத்துபவர் நாற்பதைத் தாண்டினால் அதே வேகம் வராது. பலர் அதே விழுகையை மெதுவாக விழுந்து காட்டி மறைந்துபோனார்கள். நாகேஷ் வகையை மாற்றினார். 1975இல் ‘அபூர்வ ராகங்க’ளில் குடிக்கு அடிமையான மருத்துவர். 1989இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லன். 1994இல் ‘நம்மவர்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. அதே 1994இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணம். 2008இன் ‘தசாவதாரம்’ வரை நடித்து, 2009 ஜனவரி 31 அன்று சென்னையில் மறைந்தார்.

சரி, கோத்தகிரியிலும் குன்னூரிலும் கைப்பேசியில் சிரிப்புக் காட்சி எடுக்கும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபிலிம் செலவு இல்லை. ஆனால் மலை தன் கணக்கை விட்டுவிடவில்லை.

மூடுபனிதான் முதல் தொல்லை. சிரிப்புக் காட்சி என்பது செயலும் எதிர்வினையும். ஒருவர் சொன்னதை ஒரு ஷாட்டிலும், கேட்டவர் முகத்தை அடுத்த ஷாட்டிலும் எடுப்பீர்கள். தொட்டபெட்டா பக்கம் பத்து நிமிடத்தில் பனி ஏறி இறங்கும். முதல் ஷாட்டில் பின்னால் தைல மரங்கள் தெரியும், அடுத்ததில் வெறும் வெள்ளை. பார்ப்பவரின் கண் அந்த மாற்றத்தில் அரை வினாடி தடுக்கும், சிரிப்பு செத்துவிடும். இதற்கு வழி: முதலில் இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்து முழுக் காட்சியையும் ஒரே டேக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கேட்பவரின் முகத்தை எடுங்கள். பேசுபவரின் நெருக்கம் கடைசியில். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பேசுபவரை ஆறு டேக் எடுத்து முடிப்பதற்குள் பனி வந்து, எதிர்வினை இல்லாமல் வீடு திரும்புகிறார்கள். கைப்பேசியில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மாறாமல் பூட்டிவிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் பனி நகரும்போது முகம் தானாகக் கறுத்து வெளுக்கும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை காலை வெளிச்சம் நம்பகமானது. ஜூன் தொடங்கினால் கூடலூர், தேவாலா, பைக்காராப் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவைப் பிடிக்கும். ஆகஸ்டில் கோத்தகிரியும் நவம்பரில் கூடலூரும் ஓரளவு கைகொடுக்கும். காலை எட்டு மணிக்கு முன் குளிரில் வாயிலிருந்து புகை வரும். சூரியன் பின்னால் இருந்தால் அது பளிச்சென்று தெரியும். எட்டு மணி ஷாட்டையும் பதினொரு மணி ஷாட்டையும் ஒட்டினால் ஒருவன் பாதி வசனத்தில் புகை விடுவதை நிறுத்தியது போல இருக்கும். ஷாட்டுக்கு முன் ஒரு வாய் குளிர்ந்த நீர் குடித்தால் சிறிது நேரம் புகை குறையும். ஆனால் குளிர்ந்த நீர் தாடையை இறுக்கும். வேக வசனம் என்றால் இந்த வழி வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்.

மூச்சு அடுத்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. உள்ளூர்க்காரருக்கு இது தெரியாது. கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் நடிகருக்கு முதல் நாள் நன்றாகவே தெரியும். நாகேஷ் பாணியில் நான்கு வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் குரல் மெலியும். இயக்குநர் அதைத் தயக்கம் என்று நினைத்துத் திட்டுவார், நடிகர் பதறுவார், டேக் கூடும். வந்த அன்று நடக்கும், பார்க்கும் ஷாட்டுகளை முடித்துக்கொண்டு, வசனத்தை மறுநாளுக்கு வையுங்கள். மேடு ஏறிக்கொண்டே பேசும் காட்சியானால், இறங்கிக்கொண்டே பேசுவதாக மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

விழுகை. தேயிலைத் தோட்டத்தில் உருளும் காட்சிக்கு எல்லோருக்கும் ஆசை. கவாத்து வெட்டிய செடியின் குச்சிகள் கத்திபோல நிற்கும், அங்கே கூடவே கூடாது. புல்வெளியைத் தேர்ந்தெடுங்கள், காலைப் பனி காயும் வரை காத்திருங்கள். விழும் இடத்தைக் கையால் தடவிக் கல்லைப் பொறுக்குங்கள். விழுபவர் கையை நீட்டி ஊன்றக் கூடாது. மணிக்கட்டு முறிவதற்குக் காரணம் அதுதான். முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தி, தொடையின் பக்கவாட்டு, இடுப்பு, தோளின் பின்பகுதி என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், மூச்சை வெளியே விட்டபடி விழட்டும். முதலில் நின்ற இடத்தில், அடுத்து நடந்து, கடைசியில்தான் ஓடி. மூன்று டேக்குக்கு மேல் வேண்டாம். களைத்த உடம்பு கையைத்தான் முதலில் நீட்டும்.

இடைவெளியை எவ்வளவு விடுவது என்பது பலர் கேட்கும் கேள்வி. தியேட்டரில் ஜனம் சிரிக்கும்போது அடுத்த வசனம் அமுங்கிவிடும் என்பதால், ஒன்றரை முதல் இரண்டு வினாடி விட்டு அடுத்ததைச் சொல்வது அன்றைய வழக்கம். அதாவது 36 முதல் 48 கட்டங்கள். கைப்பேசியில் ஒருவர் தனியாகப் பார்க்கும்போது அதே இடைவெளி காலியாகத் தெரியும். நாகேஷின் படங்கள் கைப்பேசியிலும் நிற்கக் காரணம், அந்த இரண்டு வினாடியை அவர் சும்மா விடவில்லை. துண்டை உதறுவார், கண்ணால் அளப்பார், ஒரு தோளை ஏற்றுவார். கூட்டம் சிரித்தாலும் நஷ்டமில்லை, சிரிக்காவிட்டாலும் காட்சி நகர்கிறது. உங்கள் நடிகருக்கு வசனம் கொடுக்கும்போதே வசனத்துக்கு நடுவே கைக்கு என்ன வேலை என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒலி விஷயத்தில் மலைக்காற்று இரக்கம் காட்டாது. சட்டைக் காலரில் குத்தும் சிறு மைக்குக்குப் பஞ்சு உறையோடு ரோமத் துணி உறையும் வேண்டும். அப்படியும் காற்று கேட்டால் டப்பிங்தான். அதை அன்று மாலையே, அறைக்குத் திரும்பியதும், போர்வைகளைத் தொங்கவிட்டு எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால் வாயசைவு ஒட்டும், அந்த நேரத்து மூச்சு ஒட்டாது. அறைக்குள் வந்ததும் கேமராவைப் பையை விட்டு உடனே எடுக்காதீர்கள். குளிரில் இருந்த லென்ஸ் அறைச் சூட்டில் நீர் பூக்கும். பையை மூடியபடி அரை மணி நேரம் வைத்திருங்கள்.

அனுமதி பற்றியும் இரண்டு வார்த்தை. தாவரவியல் பூங்காவுக்கும் சிம்ஸ் பூங்காவுக்கும் தோட்டக்கலைத் துறை, சோலைக்காட்டுக்கும் கொடைக்கானல் குணா குகைப் பக்கத்துக்கும் வனத்துறை, லவ்டேல், கேத்தி ரயில் நிலையங்களுக்கு ரயில்வே. ஒன்றிடம் வாங்கியது இன்னொன்றுக்குச் செல்லாது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற இ-பாஸ் கேட்கிறார்கள். கீழிருந்து வரும் நடிகருக்கு அதை முன்கூட்டியே எடுத்துவிடாவிட்டால் காலை வெளிச்சம் சோதனைச் சாவடியிலேயே போய்விடும்.

கடைசியாக ‘மகளிர் மட்டும்’ பிணத்தைப் பற்றி. பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உயிருள்ள உடம்பைத் தூக்கினால் கழுத்துத் தானாக விறைக்கும், விழப்போகும் கை தன்னைத் தாங்கிக்கொள்ளும். நாகேஷ் அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து, மற்றவர்கள் இழுத்த இழுப்புக்குப் போகிறார். எடை முழுவதையும் அவர்கள் கையில் கொடுக்கிறார். பழகிப் பார்க்க விரும்பினால் மெத்தை விரித்து, இரண்டு பேர் தூக்க, ஒருவர் தலையை மட்டும் பிடித்துக்கொள்ள, பத்து வினாடியில் தொடங்குங்கள். தொங்கும் கையின் விரல்களைப் பாருங்கள். விரல் மடங்கியிருந்தால் உடம்பு இன்னும் விழித்திருக்கிறது, மீண்டும் முதலிலிருந்து.